கீழருந்து மேல

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை... அதுல வந்த வினைதான் இவ்வளவும்! கொஞ்சம் தள்ளி உக்காருங்க தங்கச்சி, முட்டி மடங்க மாட்டேங்குது. தினம் தண்ணி வாளியத் தலையில வெச்சு மேடு ஏறினா எப்படி மடங்கும்? இந்த மினிபஸ்காரன் வேற, ஒரு சீட்டுல நாலு பேர அடைக்கிறான்... ஆங், எங்க விட்டேன்?

எங்க ஊரு மலைச்சரிவுல இருக்கு. மேல கொஞ்சம் வீடு. அங்கதான் நானும் எங்க வீட்டுக்காரரு வைசனும். கீழ நெறைய வீடு; அங்க என் நாத்தனா நசிபெக்கோ. ஊருக்கு ஒரு அடிபம்பு தர்றாங்கன்னு மாவட்ட ஆபீஸ்லருந்து ஒருத்தர் வந்தாரு. வடக்கத்திக்காரரு, எங்க சிச்சேவா பேச்சு அவருக்குச் சரியா வராது. "ஃபெலிசியா, நீதான் இங்கிலீஷ் படிச்சவ, எடுத்துச் சொல்லு"ன்னாங்க. எந்திரிச்சேன். அன்னிக்குன்னு புதுத் துணி வேற!

அவரு சொல்றாரு, இந்த வருஷம் திட்டம் போடறதெல்லாம் 'பாட்டம்-அப்'பாம். பாட்டம்னா அடி, அப்புன்னா மேல. நானும் கணீர்னு சொன்னேன், "கீழருந்து ஆரம்பிச்சு மேல வரணுமாம்!" தப்பா? நீங்களே சொல்லுங்க!

அவ்ளோதான்... கீழ்வீட்டுப் பொம்பளைங்க குலவை போட்டு ஆட ஆரம்பிச்சுட்டாளுங்க. "நாங்கதானே கீழ! பம்பு எங்களுக்குத்தான்!" நசிபெக்கோ ஓடியாந்து என்னைக் கட்டிப் புடிச்சு, "அண்ணின்னா நீதான் அண்ணி"ங்கறா. எங்க வீட்டுக்காரரு பார்த்த பார்வை இருக்கே... அப்பப்பா!

பதறிப்போய் ஆபீசர்கிட்ட கேட்டேன். அவரு கண்ணுல தண்ணி வர சிரிச்சாரு. "அப்படி இல்லம்மா. மேல இருக்கற ஆபீசு முடிவு பண்ணாம, ஜனங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்றது. அதாம்மா அர்த்தம்"னாரு. உயிரே வந்துச்சு. உடனே கத்தினேன், "நான் சொன்னது தப்பு! நீங்க சொல்றதுதான் நடக்குமாம், ஆபீசு கேட்டுக்குமாம்!"

அப்படின்னா பம்பு எங்க வேணும்னு கை தூக்குங்கன்னாரு எங்க ஊர்த் தலைவரு. கீழதானே ஜனம் ஜாஸ்தி? தூக்குனாங்க பாருங்க கைய, சோளக்காடு மாதிரி! பம்பு கீழயே போயிடுச்சு. தப்பா சொன்னாலும் கீழ, சரியா சொன்னாலும் கீழ... என்ன எழவு வார்த்தைங்க அது?

வைசன் இப்ப எங்கூடப் பேசறதில்ல. குளிக்கத் தண்ணி மட்டும் கேக்குறாரு.

அதான் ஆபீசுக்கே கெளம்பிட்டேன். 'டாப்-டவுன்'னு இன்னொண்ணு இருக்காமே! மேலருந்து கீழ! எங்க வீடு மேலதானே? அதைப் போடுங்கன்னு கேக்கப் போறேன். நீங்களும் படிச்சவங்க மாதிரி தெரியுது, எங்கூட வந்து ரெண்டு வார்த்தை...

என்ன தங்கச்சி, எந்திரிச்சுட்டீங்க? இங்கயா எறங்கப் போறீங்க? இங்க வீடே இல்லையே... வெறும் காடுங்க இது! தங்கச்சீ!