நாலு மணிக்கு மேல் ஒரு சந்தேகம்

விடைத்தாள் திருத்தும்போது நான் டீ குடிப்பதில்லை. கறை பட்டால் பிள்ளைகளின் மனம் கோணும். தங்கள் எழுத்தை யாரோ அலட்சியமாகப் படித்ததாக நினைத்துக்கொள்வார்கள். இருபத்தாறு வருடமாக நவீன வரலாறு நடத்துகிறேன். என் கை பட்ட தாள் ஒன்றில்கூட ஒரு சொட்டுக் கறை கிடையாது. கல்வித் துறையிலிருந்து விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கு இது புரியும். நான் ஏனோதானோ என்று வேலை பார்த்தவள் இல்லை.

மணி அடித்த ஐந்தாவது நிமிடம் எங்கள் பள்ளியில் ஈ காக்கை இருக்காது. நானும் நாலரைக்கு என் மாடி வீட்டுக்குப் போய்விடுவேன். இரண்டு அறை. கீழ் வீட்டுக்காரம்மா என்னோடு பேசுவது தண்ணீர் மோட்டாரைப் பற்றி மட்டும்தான். வெளிநாட்டில் இருக்கும் தம்பி எப்போதாவது போன் செய்வான், அதிலும் பாதி நேரம் "கேக்குதாக்கா? கேக்குதாக்கா?" என்பதிலேயே போய்விடும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம்தான் உறைக்கும், காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று. அப்போது செய்தித்தாளை எடுத்து உரக்கப் படிப்பேன். தொண்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

அந்தப் பெண் என் வகுப்புக்கு வந்த பிறகு இது மாறியது. ஆசிரியர் அறையில் அவளுக்குத் 'தொணதொணப்பு' என்று பெயர். எல்லோரும் போன பிறகு வாசலில் வந்து நின்று, "டீச்சர், ஒரே ஒரு சந்தேகம்" என்பாள். அந்த ஒரு சந்தேகம் ஐந்தரை வரை போகும். உலகப் போர் ஏன் மூண்டது என்று ஆரம்பித்து, எனக்கு ஏன் பச்சை நிறம் பிடிக்காது என்பதில் வந்து நிற்கும். என்னிடம் அப்படிக் கேட்டவர்கள் யாரும் இல்லை.

அது அவளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். என் பாடத்தில் தேறினால் தொலைவிலுள்ள ஒரு கல்லூரியில் இடம் தயாராக இருந்தது. அவள் அப்பா லாரி மெக்கானிக்; அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கண்டவரிடமெல்லாம் காட்டினார். தேறாவிட்டால் இன்னொரு வருடம் இதே வகுப்பில் உட்கார வேண்டும். நான் மூன்று மதிப்பெண் குறைத்தேன். மூன்றுதான். அவளே வந்து, "நான்தான் சரியா எழுதல போல. உங்க பேரக் கெடுத்துட்டேன் டீச்சர்" என்றாள். கல்லூரியும் ஒரு வருடம் காத்திருப்பதாக எழுதியது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த இரண்டாவது வருடம்தான் என் வாழ்க்கையில் நல்ல வருடம். என் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டேன்.

வருடக் கடைசியில் நேர்காணல் ஒப்படைப்பு. எழுபது வயது தாண்டிய ஒருவரைப் பார்த்து, அவர் கண்ணால் கண்ட ஒரு நாளைப் பற்றிக் கேட்டு, பள்ளி ரெக்கார்டரில் பதிந்து வர வேண்டும். பிறகு மூன்று பக்கக் கட்டுரை: அவர் பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்துக் காட்ட வேண்டும். ரெக்கார்டரை மாணவியின் முன்னாலேயே உறையிலிட்டு ஒட்டி நான் கையெழுத்துப் போடுவேன். மதிப்பீட்டுக் குழுதான் அதைப் பிரித்துக் கேட்கும்.

அவள் ஒரு பழைய தொலைபேசி ஆபரேட்டரைப் பிடித்திருந்தாள். பெரிய வேலைநிறுத்தத்தன்று ஊரின் இணைப்புகளையெல்லாம் துண்டிக்கச் சொன்னபோது பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர். கட்டுரையைப் படித்தேன். குறை சொல்ல ஓர் இடமில்லை. "நான் ஒட்டிக்கிறேன், நீ போம்மா, பஸ் போயிடும்" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு எண்ணம் கிடையாது. ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

தேதி, இடம், பெயர் என்று தொடங்க வேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவள் தொடங்கியது இப்படி: "சாப்டீங்களா ஐயா?" பிறகு, "பொறுமையா பேசுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. மறுநாள் அதே மாதிரி வெற்று ரெக்கார்டர் ஒன்றை உறையில் வைத்து ஒட்டினேன்.

பதிவு சரியாக விழவில்லை, ஒப்படைப்பு முழுமையடையவில்லை, அடுத்த வருடம் வா என்பார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பெரியவர் அதற்குள் இறந்துபோவார் என்று யார் கண்டார்கள்? வெற்றுப் பதிவைப் பார்த்த குழுவினர் அவர் வீட்டுக்குப் போன் செய்தபோது மருமகள்தான் எடுத்தார். பகலில் வேலைக்குப் போகிறவர். எந்தப் பெண் வந்தாள் என்று தெரியாது என்றார். பதிவில் ஒலியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. செத்தவர் பெயரில் சாட்சியம் ஜோடித்தாள் என்று எழுதினார்கள். என்னையும் கேட்டார்கள். அந்தப் பதிவை நான் கேட்டதே இல்லை என்றேன். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் அடுத்த மாதமே அவள் ஊரை விட்டுக் கல்லூரிக்குப் போயிருப்பாள்.

ஜோடித்தால் திரும்ப எழுத விடமாட்டார்கள். பள்ளியை விட்டே நீக்குவார்கள். இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியவளுக்கு அந்த விதி நினைவில் இல்லாமல் போனதுதான் என் தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

தாழ்வாரத்தில் அவள் என்னை நிறுத்தினாள். அழவில்லை. "டீச்சர், நீங்களாவது என்னை நம்புறீங்களா?"

"நம்புறேம்மா" என்றேன். அன்று முழுவதும் நான் பேசியதில் அது ஒன்றுதான் உண்மை.

இப்போது ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறாள் என்று கேள்வி. கல்லூரி வேறு ஆளுக்கு இடம் கொடுத்துவிட்டது. அப்பா அந்தக் கடிதத்தை என்ன செய்தாரோ.

நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. காய்ச்சலில் கிடந்த என்னைப் பார்க்கத் தலைமையாசிரியை வந்தார். படியேறும்போதே உள்ளே பெண் குரல் கேட்டிருக்கிறது. யாருடையது என்று தெரிந்துகொள்ள அவருக்கு நேரமாகவில்லை. கீழ் வீட்டுக்காரம்மா வேறு, "தெனமும் சாயங்காலம் அந்தப் பொண்ணு வந்து பேசிட்டுப் போகுது போல" என்றாராம். ஒரு வகையில் சரிதான். அவள் கேள்வி கேட்டதும் ரெக்கார்டரை நிறுத்திவிடுவேன். "அன்னிக்குப் பயமா இருந்துச்சா?" என்பாள். நான் பதில் சொல்வேன். பெரியவர் சொன்னதை நான் அதிகம் கேட்டதில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். ரெக்கார்டரை மாற்றியது நான். குழுவிடம் பொய் சொன்னது நான். முதல் வருடத்து மூன்று மதிப்பெண்ணும் என் கைவேலைதான். ஆனால் அவள் மேல் எனக்கு எள்ளளவும் விரோதம் கிடையாது. அதையும் சேர்த்து எழுதுங்கள். அவளை விசாரணைக்கு அழைக்கும் நாளில் என்னையும் அழையுங்கள். எனக்கு நேரமானாலும் பரவாயில்லை. என்னைப் பார்த்ததும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள், பாருங்களேன்.