கால் இறுதிக்காரர்கள்

சாத்தான்குளம் செங்கல் சூளையில் வேலை நின்றுபோனதால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். அது தொண்ணூற்று நாலாம் வருடம். வழியில் வந்த திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் உயரமான இரண்டு பேர், போட்டியில் தோற்றுத் திரும்பும் பாஸ்கெட்பால் ஆட்டக்காரர்கள். ஒருவருக்குத் தலை நரைத்திருந்தது. மற்றவர் முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார்.

"நாம முத ஆட்டத்துலயே கேவலமா தோத்திருக்கணும் வே," என்றார் நரைத்தவர்.

"கிறுக்கு புடிச்சிட்டா உமக்கு?"

"வருசா வருசம் கால் இறுதி வரைக்கும் போயிருதோம். அதனால டீம மாத்தணும்னு ஒருத்தனுக்கும் தோண மாட்டேங்கு. கப்பும் இல்ல, அவமானமும் இல்ல."

"சரி, யாரத் தூக்கணுங்கீரு?"

"முதல்ல என்னைய. பெறவு உம்ம."

"நான் இன்னும் ரெண்டு வருசம் ஆடுவேன்."

"உம்ம முட்டிகிட்ட கேட்டீரா? நீரு ஓடிப் போறதுக்குள்ள பந்து அங்கன போயிட்டுத் திரும்பி வந்திருது."

கட்டுப் போட்டவர் சிரித்தார். நாலைந்து ஊர் தாண்டியதும் கேட்டார்:

"ஆடலன்னா சாயங்காலம் நான் எங்கன வே போவேன்?"

"எனக்கு மட்டும் போக்கிடம் இருக்கா? நாம நிக்க வரைக்கும் புதுப் பயலுவ உள்ள வர முடியாதுல்லா."

நரைத்தவரே தொடர்ந்தார்.

"நாளைக்கு நம்ம மைதானத்துல புதுசு போடப் பழைய தரையக் கொத்துதாங்க. ஆளு பத்தல. வாரீரா?"

"எனக்கு ஆடத்தான் தெரியும்."

இறங்கியதும் அவர்கள் பின்னாலேயே போய் மைதானம் எது என்று பார்த்துவைத்துக்கொண்டேன். மறுநாள் காலை அங்கே போய் வேலை கேட்டேன். நரைத்தவர் கடப்பாரையைக் கொடுத்தார். நான் தரையைக் கொத்தினேன். முழங்காலில் கட்டுப் போட்டவர் நொண்டிக்கொண்டே வந்து, பெயர்ந்த சிமெண்டைக் கூடையில் அள்ளினார்.