பதக்கம் விழுந்த கழுத்து

— பொட்டியக் கீழ வையப்பா, பவுலு. சந்தை நாளு. மாட்டுக் கூட்டம் வெலகாம பொள்ளாச்சி பஸ்ஸு எங்கிருந்து வரும்?

— நிக்கேன் மொதலாளி. நீங்க எதுக்கு இந்த வெயில்ல வந்திய?

— எதுக்கு வந்தனா? பதினோரு வருசமா என்ற நாடகக் கம்பெனில ராஜபார்ட்டு கட்டுனவன், மேக்கப்புக்காரன் சோலைகிட்டச் சொல்லிப்போட்டு நடையக் கட்டறே. இந்த அலியாரு உனக்கு என்னப்பா கொற வெச்சேன்?

— கொறையெல்லாம் இல்லய்யா. அலுத்துப் போச்சு. மூணாறுக்குப் போயி எம் பொஞ்சாதி ரோசிகூட இருந்துருதேன். தோட்டத்துக் கடையில சாமான் நிறுக்க ஆளு வேணுமாம்.

— கிதாரு வாசிச்ச கையில பருப்பு நிறுக்கறதா! நல்லா இருக்குது நாயம். உனக்கு எங்க சுடுதுன்னு எனக்குத் தெரியாதா? நேத்து ஆட்டத்துல இந்தூரு அர்த்தநாரி கவுண்டரு மேடையேறி, கிதாரு வாசிச்சவருக்குப் பதக்கம்னு சொல்லி, பக்கத் தட்டிக்குப் பின்னால உக்காந்திருந்த ஆர்மோனியம் ரத்தினசாமி கழுத்துல போட்டாரே, அதுதானே?

— அத விடுங்க.

— எப்பிடி உடறது? சனத்தையும் குத்தஞ் சொல்ல முடியாதப்பா. நாரதரு மேடையில வீணையத் தடவுவாரு, வாசிக்கறவன் தட்டிக்குப் பின்னால இருப்பான். கிருஷ்ணன் ஊதற குழலும் அப்பிடித்தான். வேசங்கட்டுனவனே நெசமா வாசிக்கறான்னா எவன் நம்புவான்?

— பதினோரு வருசமா எவனும் நம்பலையே. மறையூர்ல ஒருத்தன் வந்து, ‘அண்ணே, அசலா வாசிக்க மாதிரியே கைய ஆட்டுதிய’ன்னு கையக் குலுக்கிட்டுப் போனான்.

— அட ராமா! உங்கிட்டயேவா?

— நீங்க சிரிக்கிய. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. கோவாக்கார வாத்தியாரு ஒருத்தரு தோட்டத்து மாதா கோயில்ல இருந்தாரு. அவருகிட்ட ஒம்பது வருசம் படிச்சேன். பாட்டுக்குச் சும்மா தட்டுத கிதாரா அது? ஒவ்வொரு வெரலும் தனித்தனியாப் பேசணும். வலது கை நகம் ஒடஞ்சிரக் கூடாதுன்னு கரண்டியிலதான் சோறு தின்னேன். தொர வந்துட்டாருன்னு கம்பெனியே கேலி பேசுச்சு.

— நானுந்தான் பேசுனேன். அல்லா என்னைய மன்னிக்கட்டும்.

— ஒரே ஒரு ஆளு, ‘இது பவுல்ராஜ் வாசிக்கது’ன்னு சொல்லிக் கேட்டுரணும். அதுக்குத்தான்யா ஊரூராத் திரிஞ்சேன்.

— அப்ப கேட்டுக்க. காலையில சந்தையில கவுண்டரு தரகனுக நடுவால நின்னு, ரத்தினசாமியப் புகழ்ந்துட்டு இருந்தாரு. எனக்குப் பொறுக்கல. ‘ஏனுங்க, வாசிச்சது எங்க பவுலுங்க’ன்னேன். ‘போங்க ராவுத்தரே, யாரு காதுல பூச்சுத்தறீங்க’ன்னாரு. அவ்வளவுதான், பந்தயம்னுட்டேன். துண்டப் போட்டு மூடி, மாட்டுக்கு வெல பேசறாப்புல உள்ள கையப் புடிச்சு முடிச்சாச்சு.

— என்ன பந்தயம்?

— இன்னிக்கு ஆட்டத்துல தட்டி கெடையாது. ரத்தினசாமி சனத்துக்கு முன்னால கையக் கட்டி உக்காரோணும், நீ வாசிக்கோணும். நீ வாசிச்சுட்டா கவுண்டரே உங் கழுத்துல இன்னொரு பதக்கம் போடறாரு. இல்லீன்னா நம்ம வண்டி மாடு நாலும் அவுருக்கு.

— அய்யோ! மாடு போச்சுன்னா சீன் படுதாவெல்லாம் எதுல ஏத்துவிய? கம்பெனியே நின்னுபோகுமே!

— எதுக்குப் போகுது? வாசிக்கறது நீயாச்சே!

— வேண்டாம் மொதலாளி. கால்ல விழுதேன். போயி முறிச்சிட்டு வாங்க.

— துண்டுக்குள்ள புடிச்ச கைய உதறிப்போட்டா, இந்தச் சந்தையில மறுக்காக் கால் வெக்க முடியுமா? எங்கத்தா காலத்துல இருந்து வேலந்தாவளத்துல எங்க பேச்சு பேச்சுதான்.

— எனக்கு முடியலய்யா. ஒடம்பு தாங்கல, மனசும் தாங்கல. அந்தா பஸ்ஸு வருது, என்னைய விட்டுருங்க.

— வரட்டும், போவட்டும். பவுலு, நானு ஆட்டம் பாக்கறவனில்ல, வாசல்ல டிக்கெட்டுக் கிழிக்கறவன். ஆனா காது இருக்குதல்ல? ஆயிரம் பேரு வாசிச்சாலும் உங் கை எனக்குத் தெரியும். அதும் கொழிஞ்சாம்பாறைல கொட்டகை போட்டது தொட்டு, இந்த மூணு மாசமா, அல்லா அறியச் சொல்றேன், முன்னைக்கு இப்ப இன்னும் உருக்கமா வாசிக்கறே. வாசல்ல உக்காந்து கண்ணத் தொடச்சேனப்பா. அந்தத் தைரியத்துலதான் மாட்டையே வெச்சேன்.

— மொதலாளி, இந்தக் கையப் புடிங்க. வெரல மடக்கிப் பாருங்க.

— எதுக்கு... என்னப்பா இது? மடங்கவே மாட்டேங்குது!

— கொழிஞ்சாம்பாறை மழையில புடிச்ச வாதம். வாள மணிக்கட்டுல கட்டிக்கிட்டுத்தான் சண்டையே போட்டேன்.

— யா அல்லா! அப்ப மேடையில...

— மேடையில நான் வச்சிருக்கது சோலை பலகையில செஞ்சு குடுத்த பொம்ம. பத்து வருசமா வண்டியில வரும்போதெல்லாம் தட்டிக்குப் பின்னால இருக்கவருக்குச் சொல்லிக்குடுத்தேன், என்னையவே மிஞ்சிட்டாரு. கவுண்டரு சொன்னதுதான் நெசம், மொதலாளி. மூணு மாசமா நீங்க கேட்டது ரத்தினசாமிய.