மணமேடையில் காயும் துணி

அரூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி புயல் மழையில் வீடு மூழ்கி, பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் தங்கியிருப்பவள். இன்னொருத்தி அந்த ஊர்க்காரி.

ஊர்க்காரி சொன்னாள், "வெள்ளிக்கிழமை எங்க பொண்ணு கல்யாணம். மணமேடையில உங்க துணி காயுதுங்க."

"வூட்டுக்குள்ள இன்னும் முட்டி வரைக்கும் சேறுங்க."

"புயல் வருதுன்னு மைக்கு வெச்சு சொன்னாங்களே. சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிருக்கலாம்ல?"

"சொந்தமெல்லாம் அதே தெருதாங்க."

"பத்திரிகையில மண்டபம் பேரு போட்டாச்சு. நான் என்னங்க பண்றது?"

பிறகு ஊர்க்காரி பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"குடும்பத்தோட வந்துருங்க."

மற்றவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"எங்கிருந்துங்க வர்றது?"