கூட்டல் குறி

ஏசியைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது, எனக்குச் சட்டென்று சளி பிடித்துவிடும். நன்றி. நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்கவே வேண்டாம், நானே வரிசையாகச் சொல்கிறேன். வரிசைதான் என் பிழைப்பு.

மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில், ஒரு விண்ணப்பம் யாரிடம் தொடங்கி யாரிடம் போய் முடியவேண்டும் என்று கணினியில் படம் வரைபவன் நான். நான் கோடு போட்ட வழியில்தான் அது நகரும். பாதைகள் சேரும் இடத்தில் ஒரு சாய்சதுரம் போடுவோம். அதற்குள் பெருக்கல் குறி இருந்தால், எந்த வழியாக வந்தாலும் மேலே போகலாம். கூட்டல் குறி இருந்தால், எல்லா வழிகளிலிருந்தும் வந்து சேரும்வரை காத்திருக்கவேண்டும். குழந்தைக்குக்கூடப் புரியும்.

என் தம்பி நல்லவன், அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீடு கலகலக்கத் தொடங்கிவிடும். எனக்கு மீந்ததைச் சுடவைத்துப் போடும் என் மனைவி, அவனுக்கென்றால் புதிதாக அடுப்பைப் பற்றவைப்பாள். என் சின்ன மகள் அவன் தோளைவிட்டு இறங்கமாட்டாள். ஒருமுறை அவளுக்குக் கடும் காய்ச்சல். நாள் முழுக்க நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். கண்ணைத் திறக்காமலே, "சித்தப்பா, போயிராதீங்க" என்றாள்.

"போகலம்மா" என்றேன். வேறென்ன சொல்வது. வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்.

பிறகு தம்பிக்கு இதய வால்வில் பழுது என்றார்கள். அறுவை சிகிச்சை செய்தால் பிழைத்துக்கொள்வானாம். அவன் வேலை பார்த்த இடத்துக்குக் காப்பீடு எங்களுடையதுதான். எங்கள் படத்தில் விண்ணப்பம் ஓரிடத்தில் பிரியும். அவசரமென்றால் ஒரு மருத்துவர் பார்ப்பார், நாள் குறித்துச் செய்வதென்றால் வேறொருவர். இரண்டில் ஒன்றில்தான் போகும். அந்த இரு வழிகளும் மறுபடி சேருமிடத்தில் பெருக்கல் குறி இருந்தது. நான் அதைக் கூட்டல் குறியாக மாற்றினேன்.

அதன்பின் அவன் விண்ணப்பம், கிளம்பவே கிளம்பாத ஒரு துணைக்காகக் காத்து நின்றது. யாரும் அதை மறுக்கவில்லை, இதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். மறுத்திருந்தால் மேலிடத்துக்குத் தகவல் போயிருக்கும். காத்திருப்பதைத் திரையில் பச்சை நிறத்தில்தான் காட்டும். படம் எல்லோருக்கும் பொது என்பதால் மற்ற நோயாளிகளுடையதும் நின்றது. அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

தம்பி ஃபோன் செய்தான். "என்னன்னு கொஞ்சம் பாருண்ணே. மாடி ஏற முடியல, மூச்சு வாங்குது."

"ப்ராசஸ்ல இருக்குடா. நான் பாத்துட்டேதான் இருக்கேன்."

"நீ இருக்கேங்கற தைரியம்தான்ணே" என்றான். வேறு யாரிடமும் அவன் கேட்கவில்லை. நான் சொன்னதிலும் பொய் இல்லை, தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் நினைத்ததைவிடச் சீக்கிரமே போய்விட்டான். எல்லாம் முடிந்து அலுவலகம் திரும்பியதும், முதல் வேலையாகக் குறியைப் பழையபடி மாற்றினேன். நின்றதெல்லாம் நகர்ந்தது. மனசாட்சி இல்லாதவன் அப்படிச் செய்வானா, நீங்களே சொல்லுங்கள். சிலருக்கு அது கொஞ்சம் தாமதமாகியிருக்கலாம்.

அவனுடையதும் சேர்ந்து நகரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவன் கைப்பேசியை, அதிலிருக்கும் படங்களுக்காக, மகள் அழுது வாங்கி வைத்திருந்தாள். இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியிருக்கிறாள். மாலையில் நான் கதவைத் திறந்ததும் புதிதாகக் குறுஞ்செய்தி வந்திருந்த அந்தக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, சித்தப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணலாம்னு சொல்லிட்டாங்கப்பா. இனி வந்துருவாங்கல்ல?"

அவள் என்னிடம் அப்படி ஓடிவந்தது அதுதான் முதல்முறை. அதுவும் அவனுக்காக. செத்த பிறகும் அவன் எனக்கு அவளை விட்டுக்கொடுக்கவில்லை, பாருங்கள்.