பிரேக் கம்பி

நெய்வேலி ஷிப்ட் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு ஃபிட்டரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“அந்தக் குழாயை உங்க தொண்டைக்குள்ளயே வுட்டுப் பாத்தீங்களா?” அந்தம்மா கேட்டது டிரைவருக்கே கேட்டிருக்கும்.

“கத்தாத. டாக்டர் பக்கத்துலதான் இருந்தாரு.” அவர் குரல் கரகரத்தது.

“மூணு நாளா கஞ்சி குடிச்சிக்கினு, சளின்னு பொய் சொன்னீங்க.”

“மயக்கம் குடுத்துட்டு மூச்சுக்குக் குழாய் வுடுவாங்க. குழாய்க்குள்ள வெக்கிற கம்பி வளையாம தொண்டையைக் கீறிடுமாம். அதுக்குப் பதிலா நான் சைக்கிள் பிரேக் கம்பியைக் கோத்தேன். இப்ப இழுத்தா நுனி வளைஞ்சு போவுது.”

“ஆபரேசன் எனக்குத்தான? நீங்க எதுக்கு அதை முழுங்கினீங்க?”

“நாளைக்கு உன் குரலுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுல்ல.”

நான் இறங்கவேண்டிய பிளாக் ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது.

“இப்ப உங்க குரல் போச்சே!”

“போவட்டும். வூட்ல பேசறது நீதான?”