தராசில் ஏறாதவள்

— எருமையை அப்புறம் விரட்டலாம், சிகாங் தங்கச்சி. நாளைக்கு விருந்துக்கு வர்றியா இல்லையா, அதைச் சொல்லு.

— வரலைன்னு நேத்தே சொல்லிட்டேன், பலாங் அண்ணே. ஏய், எந்திரி! ஊரெல்லாம் புல்லு கெடக்கு, இதுக்கு ஓடுபாதை நடுவுலதான் படுக்கணும்.

— படுத்தா படுக்கட்டுமே. லாரி ரோடு வந்ததுக்கப்புறம் எந்த விமானம் இங்க இறங்குது? கேளேன், அந்தக் காலத்துல இதுங்களை நாம விரட்டி முடிக்கிற வரைக்கும் விமானம் நம்ம தலைக்கு மேலயே சுத்திக்கிட்டுக் கெடக்கும்.

— அதெல்லாம் எனக்கும் தெரியும்.

— அப்ப இதையும் கேளேன். என் மவ சுபாங் புண்ணியத்துல நான் தாத்தா ஆயிட்டேன். நாளைக்கு என் பழைய பேரைக் கழட்டி வச்சிட்டுப் புதுப்பேரு வைக்கிறாங்க. அந்தப் பேரை முதல்ல ஊர் முன்னாடி நீதான் கூப்பிடணும்.

— தலைவர் கூப்பிடட்டும். இல்லைன்னா பாதிரியார்.

— அவங்களா அன்னைக்கு விமானத்தை விட்டு இறங்கினாங்க?

— ஆரம்பிச்சிட்டீங்களா...

— ஆமா, ஆரம்பிப்பேன். என் சுபாங் அப்ப ரெண்டு வயசுப் புள்ளை, காய்ச்சல்ல வெட்டி வெட்டி இழுக்குது. ஆளையும் மூட்டையையும் தராசுல நிறுத்து ஏத்துற வேலை எனக்கு. தாயும் புள்ளையும் ஏறணும்னா ஒருத்தர் இறங்கணும்னு விமானி சொல்றான். உள்ள இருந்த அத்தனை பேரும் அவங்கவங்க கால் கட்டை விரலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. நீ கூடையை வெளிய எறிஞ்சிட்டுக் குதிச்சே.

— யாரா இருந்தாலும் குதிச்சிருப்பாங்க.

— யாரும் குதிக்கலையே! அதோட மழை புடிச்சு ஓடுபாதை சேறாயிடுச்சு. உன் அக்கா கல்யாணத்தை நீ பார்க்கவே இல்ல. கேளேன், நீ மட்டும் கொஞ்சம் ஒல்லியா இருந்திருந்தா, நீ இறங்கியும் எடை பத்தாமப் போயிருக்கும்.

— வாயைப் பாரு! நாளைக்குத் தாத்தா பேரு வாங்கப் போற ஆளு.

— சிரிச்சிட்டே. அப்ப வர்றே.

— இல்லண்ணே. வருஷா வருஷம் அறுப்பு முடிஞ்சதும் புது அரிசியை முதல்ல என் வீட்டுக்குத்தான் கொண்டாறீங்க. அது என் தொண்டையில இறங்குறதில்ல.

— ஏன், கல்லு கெடக்குதா?

— கல்யாணமே இல்லண்ணே. எங்க அக்காவுக்கு அதுக்கு முந்தின வருஷமே கல்யாணம் முடிஞ்சிடுச்சு.

— என்ன சொல்றே?

— எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பல வருஷமா புள்ளை இல்ல. எங்க கூட வளந்தவங்க எல்லாம் புள்ளை பெத்துப் பேர் மாத்திக்கிட்டாங்க, நாங்க மட்டும் சின்ன வயசுப் பேரோடயே திரிஞ்சோம். பிரிஞ்சிடலாம்னு பேசி முடிச்சிட்டோம். ஊருக்குத்தான் கல்யாணம்னு சொன்னேன். திரும்பி வர்ற எண்ணமே இல்ல. என் துணிமணி, பாசிமணி, சட்டி, எல்லாம் அந்தக் கூடையிலதான் இருந்துச்சு.

— அடக் கடவுளே! உன் கூடையை வச்சப்பத் தராசு முள்ளு அவ்வளவு தூரம் போச்சே... நான் கல்யாணச் சீருன்னு நினைச்சேன்.

— எடை போட்ட உங்களுக்கே அது தெரியல. அதான் சொல்றேன், நான் உங்களுக்காக எதையும் இழக்கல. நான் வரணும்னா ஒண்ணு செய்யணும். உங்க பேரைக் கூப்பிட்டதும் ஊர் முன்னாடி நான் சுபாங்குக்கு நன்றி சொல்லுவேன். நீங்க குறுக்க பேசக் கூடாது.

— நீயா? அவளுக்கா? எதுக்கு?

— அன்னைக்குப் புடிச்ச மழை விடவே இல்ல. ஒரே கூரை, ஒரே அடுப்பு, பேசுறதுக்கு அவருக்கு நான், எனக்கு அவரு. ஓடுபாதை காய ரெண்டு மாசமாச்சு. அடுத்த விமானம் வந்தப்ப என்னைத் தராசுல ஏறச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. போகலைன்னு சொல்லிட்டு, புளிப்பா ஒரு அன்னாசியைக் கடிச்சுக்கிட்டு இங்கயே நின்னே. அது கெடக்கட்டும், அந்தி சாயுது. உன் மூத்தவன் கியான் லாரியில என் விருந்தாளிங்களை ஏத்திக்கிட்டு வந்திடுவான். எதுக்கு நன்றின்னு சொல்லேன்.

— அன்னைக்கு நான் தராசுல ஏறியிருந்தா, அண்ணே, அந்தக் கியானையும் சேர்த்துத்தான் எடை போட்டிருப்பீங்க.